கைப்பிடி உரிந்த பையும் நான் போட்ட கையெழுத்தும்

சர்வீஸ் கவுண்டரில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். இனிப்பாக ஏதாவது எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். இருபத்தாறு வருஷம் என்னை வேலைக்கு வைத்திருந்தும் என்னைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

நீங்கள் செய்யப்போகும் வேலை என்ன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெரிய பெயர் எடுத்த கம்பெனியின் பயணப் பையை விற்கிறவர்களுக்குப் பூங்கொத்து, வாசனை, சிரித்த முகம் எல்லாம் கிடைக்கும். அதே பை எட்டு மாதத்தில் கைப்பிடி உரிந்து, ஓரம் பிசுபிசுத்துத் திரும்பி வரும்போது, அது உங்கள் முன்னால் வந்து விழும். சிரித்த முகம் அப்போது எங்கேயும் இருக்காது. பையை வாங்கியவர் பொய் சொல்வார். பையைச் செய்த கம்பெனியும் பொய் சொல்லும். வாங்கியவரின் பொய் சத்தமாக இருக்கும், கம்பெனியின் பொய் அச்சடித்த படிவத்தில் இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தப் படிவத்தை நன்றாகப் பாருங்கள். 'இயல்பான தேய்மானம்' என்று ஒரு கட்டம். 'தவறான பயன்பாடு' என்று ஒரு கட்டம். 'எங்கள் தோல் சரியில்லை' என்று ஒரு கட்டம் நான் இருந்தவரை கிடையாது. இத்தனை விலைக்கு விற்கிறவர்களுக்குச் சிங்கப்பூரில் காற்று ஈரமாக இருக்கும் என்பது ஒவ்வொரு வருஷமும் புதுச் செய்தியாகத்தான் இருந்தது.

என் விஷயத்துக்கு வருகிறேன். ஆர்ச்சர்ட் ரோட்டுக் கடையில் நான் ஒருத்திதான் தமிழ். அதனால் இந்திய முகத்தோடு யார் பை கொண்டுவந்தாலும் என்னிடம் தள்ளிவிடுவார்கள். சந்தனமா, குங்குமமா, மல்லிகைப்பூக் கறையா, தேங்காயெண்ணெயா என்று முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவேன். ஒருமுறை ஒரு ஆள் வந்தார். பையை அலமாரியை விட்டு எடுத்ததே இல்லையாம், தோல் தானாகக் கறுத்துவிட்டதாம். பையின் பக்கவாட்டில் மூக்கை வைத்தேன்.

"ப்ளேன்ல இதத் தலைக்கு வச்சுத் தூங்குனீங்களா?" என்றேன்.

"யார் சொன்னா?"

"உங்க தலைதான் சொல்லுது. நல்லா எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறீங்க, நல்ல பழக்கம்தான்."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கவுண்டரில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்படி நாலைந்து தடவை சரியாகச் சொல்லிவிட்டால் மனுஷருக்குத் தலை கனத்துவிடும். எனக்குக் கனத்தது. மற்றவர்கள் ஒரு பையை முழுவதும் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துப் பரப்பிப் பார்ப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. எனக்குத்தான் மூக்கு இருந்ததே.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு தமிழம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நல்ல பேச்சு. பின்னால் வீட்டு வேலைக்கு இருக்கும் பெண் பயணப் பையை இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி ஏந்திக்கொண்டு வந்தாள். அவள் பெயர் செல்வி. தமிழ்நாட்டிலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகவில்லை.

"சிஸ்டர், நீங்க தமிழ்தானே? நல்லதாப் போச்சு," என்றார் அந்தம்மா. "இதப் பாருங்க. வாங்கி எட்டு மாசம்தான் ஆச்சு. கைப்பிடி தோல் உரிஞ்சு போச்சு. பையைத் துடைச்சு வைக்கிறது இவதான். எதப் போட்டுத் துடைச்சான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கறா லா."

"ரிப்பேருக்கு எடுத்துக்கறோம் மேடம்."

"ரிப்பேர் அப்புறம். முதல்ல எனக்கு ஒரு லெட்டர் வேணும். இவ துடைச்சதாலதான் போச்சுன்னு தெளிவாப் போட்டுக் குடுங்க. இவள அனுப்புன ஏஜென்சில காட்டணும். வெள்ளிக்கிழமை இவளத் திருப்பி விடறேன், சனிக்கிழமை ஊருக்கு டிக்கெட்."

இதைச் செல்வியை வைத்துக்கொண்டே சொன்னார். மேசை விளக்கைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னார்.

அந்த லெட்டரின் அர்த்தம் எனக்குத் தெரியும். நான் சுவா சூ காங்கில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். என் புளோக்கிலேயே இப்படிப் பத்துப் பெண்கள் வேலை செய்கிறார்கள். 'முதலாளியின் பொருளைக் கெடுத்தாள்' என்று ஒரு பெரிய கம்பெனியின் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்தப் பெண்ணை இந்த ஊரில் வேறு வீடு எடுக்காது. தெரிந்தும் நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

செல்வியிடம் திரும்பினேன். "எத வச்சும்மா துடைச்சே?"

"துணி வச்சுத்தாங்க்கா."

"காஞ்ச துணியா, ஈரத் துணியா?"

அவள் அந்தம்மாவைப் பார்த்தாள். "காஞ்ச துணிதாங்க்கா."

"பொய் சொல்லாத செல்வி," என்றார் அந்தம்மா, குரலை உயர்த்தாமல்.

"ஈரத் துணிதாங்க்கா," என்றாள் செல்வி.

இது உண்மையை ஒப்புக்கொள்வது அல்ல. கேள்வியை முடித்துவைப்பது. உங்களில் யாரும் இப்படி எந்தப் பெண்ணையும் எஜமானிக்கு முன்னால் நிறுத்திக் கேட்காதீர்கள். பதில் கிடைக்கும், ஆனால் அது பையைப் பற்றிய பதிலாக இருக்காது. அன்றைக்கு எனக்கு அது போதுமானதாக இருந்தது. உள்ளுக்குள் எனக்கும் ஒரு எண்ணம் ஓடியதைச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வந்த பிள்ளை, கைக்கு எது கிடைத்ததோ அதைப் போட்டுத் தேய்த்திருக்கும். இங்கே பிறந்த நம்மில் பலர் ஊர்க்காரர்களைப் பற்றி இப்படித்தான் நினைக்கிறோம். வெளியே சொல்ல மாட்டோம், படிவத்தில் எழுதிவிடுவோம்.

குனிந்து கைப்பிடியைப் பார்த்தேன். கைப்பிடி பையோடு சேரும் இடத்தில், தையலுக்குள் மஞ்சளாக ஒரு துகள் ஒட்டியிருந்தது. முகர்ந்துகூடப் பார்க்காமல் சமையல்கட்டுக் கை என்று முடிவுகட்டினேன். மஞ்சள்தூள் கையோடு, ஈரத் துணியோடு தேய்த்திருக்கிறாள். எழுதினேன்.

எழுதிக்கொண்டிருந்தபோது செல்வி மெதுவாகச் சொன்னாள். "அக்கா, அது மஞ்சள் இல்லக்கா, சந்தனம். ஆயுத பூஜைக்கு மேடம்தான்..."

"சரிம்மா, இரு," என்றேன். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"பேரையும் போடுங்க சிஸ்டர்," என்றார் அந்தம்மா. "வேலைக்காரின்னு மட்டும் போட்டா அப்புறம் நான் இல்ல, அவ இல்லன்னு ஆயிடும். முழுப் பேரு போடுங்க, பெர்மிட் நம்பரும் இருக்கு."

போட்டேன். முத்திரை குத்தினேன். கையெழுத்தும் என்னுடையதுதான். எல்லாம் பத்து நிமிஷம். "தேங்க்யூ சிஸ்டர், நம்ம ஆளு இருந்தா இதான் ஈஸி," என்று சொல்லிவிட்டு அந்தம்மா போனார். பை ரிப்பேருக்காக எங்களிடம் இருந்தது.

கவுண்டருக்குப் பின்னால் இருந்த ரிப்பேர் பட்டறையில் நூரா என்று ஒரு மலாய்ப் பெண் வேலை செய்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். என்னைக் கக்கா, மலாயில் அக்கா, என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் மரியாதையெல்லாம் அந்த வார்த்தையோடு சரி. வியாழக்கிழமை காலையில் என்னைப் பட்டறைக்குள் கூப்பிட்டாள். மேசைமேல் அந்தப் பை. பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி உறை. அந்தப் பைகளோடு தோளில் மாட்டிக்கொள்ள ஒரு தனி வார் கொடுப்பார்கள், அதைத் தனி உறைக்குள் போட்டுப் பைக்குள் வைத்திருப்பார்கள். பாதிப் பேர் அதை வெளியே எடுப்பதே இல்லை.

"கக்கா, இத நீங்க தெறந்து பாத்தீங்களா?" என்று அவள் கேட்ட ஆங்கிலத்தைத் தமிழில் எழுதுகிறேன்.

"இல்ல. ஏன்?"

உறையின் நாடாவை அவிழ்த்தாள். உள்ளே வார் இருந்தது. அதைச் சுற்றிக் கடையில் சுற்றிக் கொடுத்த மெல்லிய தாள் அப்படியே இருந்தது, கடை ஒட்டிய ஒட்டுத்தாள்கூடப் பிரியவில்லை. அவள் அதைப் பிரித்தபோது தோலின் மேல்பூச்சு தாளோடு சேர்ந்து செதில் செதிலாக உரிந்து வந்தது. கைப்பிடியில் இருந்த அதே உரிசல். அதே பிசுபிசுப்பு.

"இதையும் அந்தப் பொண்ணு ஈரத் துணி போட்டுத் துடைச்சாளா?" என்றாள் நூரா.

நான் வாரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

"தாளுக்கு மேலேயே துடைச்சிருப்பா போல. கெட்டிக்காரப் பொண்ணுதான்."

அவள் கிண்டல் செய்வதை நிறுத்தவில்லை, நானும் நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் தொடாத வார் உரிந்திருக்கிறது என்றால், தொட்ட கையில் குற்றம் இல்லை. தோலுக்கு மேலே பூசியது சரியில்லை, அலமாரிக்குள் இருந்த ஈரக் காற்றே அதைத் தின்றுவிட்டது. நாடாவை ஒருமுறை இழுத்திருந்தால் செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்கும். மூக்கு வைத்திருந்தவளுக்கு விரல் வேலை செய்யவில்லை.

நேராக மேனேஜரிடம் போனேன். வாரைக் காட்டினேன். அவர் அதைத் தொடாமல் பார்த்தார்.

"ரிப்போர்ட் குடுத்தாச்சு இல்லையா? அப்புறம் என்ன?"

"ரிப்போர்ட் தப்பு. திரும்ப வாங்கணும்."

"வாங்கிட்டு என்ன எழுதுவீங்க? தோல் சரியில்லன்னா? அதுக்குத் தலைமை அலுவலகம் சொல்லணும். கேட்டா ரெண்டு மாசம் ஆகும். அதுக்குள்ள விஷயம் வெளிய போச்சுன்னா நாளைக்குக் கவுண்டர்ல கியூ நிக்கும்."

"நாளைக்கு அந்தப் பொண்ணத் திருப்பி விடறாங்க."

"அது அவங்க வீட்டு விஷயம். நம்மது பை."

கெட்ட மனுஷர் இல்லை அவர். வீட்டில் பூனை வளர்த்தார், யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வாங்கி வருவார். 'நம்மது பை' என்ற ஒரு வார்த்தைக்குப் பின்னால் முழுசாக ஒளிந்துகொள்ளத் தெரிந்தவர், அவ்வளவுதான். உங்களுக்கும் இப்படி ஒருவர் மேலே இருப்பார்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் சரி. தோல் மோசம் என்று கம்பெனி பெயரில் எழுதும் அதிகாரம் எனக்கு இல்லை. ஆனால் நான் எழுதியது தப்பு என்று எழுத எனக்கு எவன் அனுமதியும் தேவையில்லை. உட்கார்ந்து எழுதினேன். செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த அறிக்கை தவறு. பிரிக்கவே படாத தோள்வாரிலும் அதே சேதம் இருக்கிறது. ஆகவே துடைத்தது காரணம் இல்லை. வீட்டுப் பணிப்பெண்ணின் மேல் குற்றம் இல்லை. தையலில் இருந்த மஞ்சள் கறைக்கும் இந்தச் சேதத்துக்கும் சம்பந்தம் இல்லை. கவுண்டர் முத்திரை என்னிடம்தான் இருந்தது. குத்தினேன்.

அந்தம்மாவுக்குப் போன் செய்தேன். "மேடம், நான் குடுத்த லெட்டர் தப்பு. வேற குடுக்கணும்."

"ஐயோ சிஸ்டர், ஏஜென்சிகிட்ட எல்லாம் சொல்லியாச்சு. விடுங்க லா."

"பழச நீங்க காட்டக் கூடாது மேடம்."

"நாளைக்குப் பதினொரு மணிக்கு அங்கதான் போறேன். வேணும்னா அங்க கொண்டுவந்து குடுங்க," என்று இடத்தைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் வர மாட்டேன் என்று நினைத்திருப்பார்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். டோபி காட் ஸ்டேஷனில் ரயில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். தீபாவளிக் கூட்டம். ஏஜென்சி, சிராங்கூன் ரோட்டுக்குப் பின்பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாவது மாடியில் இருந்தது. சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி நாற்காலியில் செல்வி, காலடியில் ஒரு துணிப்பை. மேசைக்குப் பின்னால் ஏஜெண்ட், நெற்றியில் விபூதி, கையில் இரண்டு போன். அந்தம்மா அவருக்கு எதிரே. என் பழைய லெட்டர் மேசைமேல் கிடந்தது.

புதிய தாளை நீட்டாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். வார், உறை, பிரிக்காத தாள். ஏஜெண்ட் கேட்டுவிட்டுக் கையை விரித்தார்.

"நீங்க சொல்றது சரிதாங்க்கா. ஆனா எம்ப்ளாயர் வேணாம்னா நான் என்ன பண்ணட்டும்? மேடம் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல கையெழுத்துப் போட்டா இங்கேயே வேற வீடு பாக்கலாம். இல்லேன்னா ஊருதான்."

"போட மாட்டேன்," என்றார் அந்தம்மா. "பையை விடுங்க, எனக்கு இவ செட் ஆகல. கேள்வி கேட்டா மொறைக்கிறா."

"சந்தனம் வச்சது யாரு மேடம்?" என்றேன்.

"என்ன சந்தனம்?"

"பையோட தையல்ல."

அந்தம்மா கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "ஆயுத பூஜைக்கு எல்லாத்துக்கும்தான் வைப்போம். காருக்கு வைக்கலயா? அதுல என்ன தப்பு?"

"ஒரு தப்பும் இல்ல. நான் அத மஞ்சள்தூள்னு எழுதிட்டேன்."

அவருக்கு வெட்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு வெட்கம் வரவைக்கலாம் என்று நினைத்து நேரத்தை வீணாக்காதீர்கள். அவர்களுக்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். இந்தம்மாவுக்குப் புதுப் பை வேண்டும்.

"மேடம், ஒண்ணு புரிஞ்சுக்குங்க," என்றேன். "அந்த மேசைல இருக்கற லெட்டர், நீங்க சரியா வச்சுக்காததால பை கெட்டுச்சுன்னு சொல்லுது. உங்க வீட்டாளு துடைச்சாலும் கம்பெனிக்கு அது நீங்க துடைச்ச மாதிரிதான். அது இருக்கறவரைக்கும் ரிப்பேர் உங்க செலவு. என் கைல இருக்கறது, யாருமே தொடாத வாரும் உரிஞ்சிருக்குன்னு சொல்லுது. இத வச்சு நீங்க வேற பை கேக்கலாம். ரெண்டையும் சேத்து வச்சுக்க முடியாது. எது வேணும்?"

"அதக் குடுங்க."

"அந்தப் பழச எங்கிட்டக் குடுங்க. டிரான்ஸ்ஃபர்ல கையெழுத்துப் போடுங்க. தரேன்."

"இது என்ன மெரட்டலா?"

"ஆமா," என்றேன்.

வாடிக்கையாளருக்குச் சேர வேண்டிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு பேரம் பேசினேன். இது சரியா என்று யாராவது பயிற்சி வகுப்பில் கேட்டால், இல்லை என்று எழுதுங்கள், மார்க் கிடைக்கும். நான் இன்னொரு தடவையும் இதைத்தான் செய்வேன். ஏஜெண்ட் இரண்டு போனையும் கவிழ்த்து வைத்துவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். ஒரு பெண்ணின் பிழைப்பைப் பற்றி அந்த முகம் அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்க்கவில்லை. பிறகு பேனா கேட்டார்.

அதற்கப்புறம் என்ன ஆனது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அவருக்கு வேறு பை கிடைத்தது. எனக்கு மேனேஜரிடமிருந்து எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. கொஞ்ச நாளில் அந்த வகைப் பைகளின் கைப்பிடிகளையும் வார்களையும் கம்பெனி சத்தமில்லாமல் மாற்றிக் கொடுக்க ஆரம்பித்தது. குறை என்று ஒரு வார்த்தை கிடையாது. 'நல்லெண்ண அடிப்படையில்' என்று எழுதினார்கள். கெட்டுப்போகிற பூச்சைப் பூசி விற்றுவிட்டு நல்லெண்ணம் வேறு. செல்விக்குச் சாங்கிப் பக்கம் ஒரு வீடு கிடைத்தது என்று ஏஜெண்ட் பின்னால் போனில் சொன்னார்.

ஆனால் அன்றைக்கு அந்த மாடியில் இன்னும் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. அந்தம்மா புதிய தாளை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனபிறகு, அதன் இன்னொரு பிரதியை ஏஜெண்டின் ஃபைலில் வைக்கக் கொடுத்தேன். பழையதை நாலாகக் கிழித்தேன். வேலை முடிந்தது என்று எழுந்தேன். செல்வி நாற்காலியைவிட்டு எழுந்து மேசைக்கு வந்தாள்.

"எனக்கும் ஒண்ணு வேணும்," என்றாள்.

"ஃபைல்ல இருக்குல்லம்மா, போதும்," என்றார் ஏஜெண்ட்.

"அது உங்க ஃபைலு. எனக்கு ஒண்ணு குடுங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே மெஷினில் ஒரு நகல் எடுத்து, என்னிடம் முத்திரைக்குப் பதிலாக இன்னொரு கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். செல்வி அதை என் பக்கம் நீட்டினாள். "இங்கிலீஷ் அவ்வளவா வராது. படிச்சுச் சொல்லுங்க."

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசி வரை கேட்டாள்.

"என் பேரு எங்க இருக்கு?"

பார்த்தேன். இல்லை. 'வீட்டுப் பணிப்பெண்' என்றுதான் எழுதியிருந்தேன். கிழித்துப் போட்ட தாளில் அவளுடைய முழுப் பெயரும் நம்பரும் இருந்தன, குற்றம் இல்லை என்று சொல்லும் தாளில் அவள் பெயர் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனைக்கும் அதை நான் நியாயம் செய்வதாக நினைத்துக்கொண்டு எழுதியிருந்தேன்.

"பேரு இல்லேன்னா இது யாரு தாளு?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பேனாவை எடுத்து, அந்த வார்த்தைக்கு மேலே அவளுடைய முழுப் பெயரை எழுதினேன். எழுத்து சரியா என்று அவளிடம் கேட்டேன். தன் பாஸ்போர்ட்டை எடுத்து வைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பார்த்தாள். ஒன்று தப்பாக இருந்தது. அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். ஃபைலில் இருந்ததை வாங்கி அதிலும் எழுதினேன். அந்தம்மாவுக்கும் இப்படிப் பெயர் போட்ட தாள் ஒன்று அனுப்புவதாகச் சொன்னேன், திங்கட்கிழமை அனுப்பினேன்.

அவள் நன்றி சொல்லவில்லை. சொல்ல ஒரு காரணமும் இல்லை. தாளை மடித்துக் கொடுக்கலாம் என்று கையை நீட்டினேன். என் கைக்கு எட்டாமல் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"மடிக்காதீங்க," என்றாள். "மை காயட்டும்."